யாவே எந்த மெசபடோமியத் தெய்வத்தின் மறுபெயர்?

"எபிரேயர்களின் கடவுளான யாவே உண்மையில் மெசபடோமியாவின் என்லில்தான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இன்னொன்றில் ஏயா என்கிறார்கள். எது சரி? பைபிளே சுமேரியர்களைப் பார்த்துக் காப்பியடித்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இரண்டு போலத் தெரிந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: இந்தக் கடவுள் வேறொரு தெய்வத்திடமிருந்து வந்தவரா, அப்படியானால் யாரிடமிருந்து? அந்த இரண்டு காணொளிக்காரர்களும் முழுப் பொய் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் பழைய ஏற்பாட்டை அதன் அண்டை நாட்டு இலக்கியங்களோடு சேர்த்து வைத்துப் பாடம் நடத்துபவன். எபிரேயமும், பாபிலோனியரும் அசீரியரும் எழுதிய அக்காடியமும் மூலத்தில் வாசிப்பேன். சுமேரியத்துக்குப் பிறர் மொழிபெயர்ப்பை நம்பித்தான் இருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாவே மெசபடோமியாவின், அதாவது சுமேரியரும் பாபிலோனியரும் அசீரியரும் வாழ்ந்த இன்றைய ஈராக் பகுதியின், எந்தத் தெய்வத்தின் மறுபெயரும் அல்ல. ஆனால் அங்கே பல தெய்வங்கள் பங்கு போட்டுக்கொண்டு செய்த வேலைகளை இங்கே இவர் ஒருவரே செய்கிறார். அதனால் "எந்தத் தெய்வம்" என்று தேடினால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். "எந்த வேலை" என்று தேடினால்தான் விஷயம் பிடிபடும்.

எல்லாவற்றிலும் உறுதியான சான்று வெள்ளக் கதை. 1872இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்மித், நினிவேயில் அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் நூலகத்திலிருந்து வந்த ஒரு களிமண் பலகையில் இதை வாசித்துக் கண்டுபிடித்தார். அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி அவர் லண்டனில் ஆற்றிய உரையைக் கேட்கப் பிரதமர் கிளாட்ஸ்டனே வந்திருந்தார். அந்தப் பலகை கில்காமெஷ் என்ற பாபிலோனியக் காவியத்தின் பதினோராவது பலகை. வெள்ளத்துக்குத் தப்பிய உத்னபிஷ்திம் மலையில் கப்பல் தட்டியதும் புறாவை விடுகிறான், பிறகு தகைவிலான் குருவியை விடுகிறான், கடைசியில் காகத்தை விடுகிறான். காகம் திரும்பவில்லை. இறங்கிப் பலி செலுத்துகிறான்; தெய்வங்கள் நறுமணத்தை முகர்ந்து, பலியிட்டவனைச் சுற்றி ஈக்களைப் போல மொய்க்கின்றன. பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 8ஆம் அதிகாரத்திலும் காகமும் புறாவும் பறக்கின்றன, நோவா பலியிடுகிறார், கர்த்தர் (தமிழ் பைபிளில் யாவேக்கு வரும் பெயர்) சுகந்த வாசனையை முகருகிறார். மனிதகுலம் எங்கும் வெள்ளக் கதை உண்டு என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. பறவைகள், பலி, முகர்தல் என்று வரிசையாக ஒத்துப்போவது ஒரே கதை மரபு என்பதைக் காட்டுகிறது. இதில் நான் அறிந்த ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

எது மூத்தது என்பதிலும் குழப்பமில்லை. இதே வெள்ளம் வரும் அத்ரஹாசிஸ் என்ற பாபிலோனியக் கவிதைக்குக் கி.மு. 17ஆம் நூற்றாண்டுப் பிரதியே கையில் இருக்கிறது. எபிரேய எழுத்து என்று சொல்லத்தக்க எதுவும் அப்போது கிடையாது. பிற்பாடு இஸ்ரவேலர் வாழ்ந்த கானான் நாட்டில் இந்த இலக்கியம் புழங்கியது என்பதற்கும் தடயம் உண்டு. இன்றைய இஸ்ரேலின் மெகிதோவில் கில்காமெஷ் காவியத்தின் துண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் வெள்ளப் பகுதி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுத்தர்கள் பயிற்சிக்காகவோ வாசிக்கவோ அந்தக் காவியத்தை வைத்திருந்தார்கள் என்பது வரைதான் அந்தத் துண்டு பேசும்.

இப்போது கதைக்குள் யார் என்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள். அத்ரஹாசிஸ் கவிதையில் மனிதர்கள் பெருகி இரைச்சல் போடுகிறார்கள். என்லிலுக்குத் தூக்கம் கெடுகிறது. முதலில் கொள்ளைநோய், பஞ்சம் என்று அனுப்பிப் பார்க்கிறார், பிறகு வெள்ளம். இதை மனிதர்களிடம் சொல்வதில்லை என்று தெய்வங்கள் சத்தியம் செய்கின்றன. ஏயாவும் (சுமேரியப் பெயர் என்கி) அந்தச் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆகவே அவர் தன் பக்தனிடம் நேராகப் பேசாமல் நாணல் சுவரைப் பார்த்து, "சுவரே, கேள்" என்று பேசுகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் பக்தன் கேட்டுக்கொள்கிறான். அழிப்பது ஒருவர், காப்பது இன்னொருவர். காக்கும் தெய்வம் அழிக்கும் தெய்வத்தை ஏமாற்றித்தான் காக்க முடிகிறது. வெள்ளம் வந்ததும் அழுவதற்கு மூன்றாவதாக ஒரு தாய்த் தெய்வம் இருக்கிறாள்; கில்காமெஷ் காவியத்தில் அவள் "என் பிள்ளைகள் மீன்குஞ்சுகள் போலக் கடலை நிரப்புகிறார்களே" என்று புலம்புகிறாள். பிற்பாடு தன் கழுத்து மாலையில் கிடக்கும் ஈ வடிவ நீலக்கல் மணிகளை உயர்த்திப் பிடித்து, இந்த நாட்களை ஒருக்காலும் மறக்கமாட்டேன் என்கிறாள்.

ஆதியாகமத்தில் இந்த மூவரும் ஒருவரே. அழிக்க முடிவெடுப்பவர் கர்த்தர். "பேழை செய்" என்று அளவு கொடுத்துச் சொல்பவரும் அவரே. மனிதனை உண்டாக்கினதற்காக மனம் நொந்து விசனப்படுபவரும் அவரே. மேகத்தில் வில்லை வைத்து, அதைப் பார்த்து நினைவுகூருவேன் என்பவரும் அவரே. காணொளிகள் தடுமாறுவது இங்கேதான். வெள்ளம் அனுப்பியதைப் பார்த்தவர் "இவர் என்லில்" என்கிறார்; காப்பாற்றியதைப் பார்த்தவர் "இவர் ஏயா" என்கிறார். அந்தத் தாய்த் தெய்வத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. அவளுடைய நீலக்கல் மாலை இருக்கும் இடத்தில்தான் வானவில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. நிரூபிக்கப்பட்ட விஷயமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதையை வாங்கியவர்கள் அதை அப்படியே விட்டுவைக்கவும் இல்லை. பாபிலோனில் பிரச்சினை இரைச்சல், ஆதியாகமத்தில் கொடுமை. வெள்ளம் வடிந்த பின் பாபிலோனியத் தெய்வங்கள் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்த மலட்டுப் பெண்களையும், சிசுவைப் பறிக்கும் பேயையும், பிள்ளை பெறக் கூடாத பூசாரிப் பெண்களையும் ஏற்படுத்துகின்றன. நோவாவுக்குக் கிடைக்கும் முதல் கட்டளையோ "பலுகிப் பெருகுங்கள்". பழைய கவிதையை நன்றாகத் தெரிந்த ஒருவர் அதற்கு எதிர்வாதம் எழுதியது போலவே இருக்கிறது. "காப்பி" என்ற சொல் இதற்குப் பொருந்தாது.

என் மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு இடம் உண்டு. கில்காமெஷில் வெள்ளம் முடிந்ததும் ஏயா என்லிலைக் கடிந்துகொள்கிறார்: பாவம் செய்தவன்மேல் அவன் பாவத்தைச் சுமத்தியிருக்கலாமே, ஒரு சிங்கத்தையோ ஓநாயையோ பஞ்சத்தையோ அனுப்பியிருக்கலாமே, யோசிக்காமல் எல்லாரையும் சேர்த்து எப்படி அழித்தாய்? தெய்வசபையில் எழும் இந்தக் கேள்வியை ஆதியாகமத்தின் வெள்ளக் கதையில் கேட்க ஆளே இல்லை. கடவுள் ஒருவர்தானே. நோவாவும் வாய் திறப்பதில்லை. ஆனால் 18ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். சோதோமை அழிக்கப் போகும்போது ஆபிரகாம் வழிமறித்து நிற்கிறார்: துன்மார்க்கனோடு நீதிமானையும் அழிப்பீரோ? சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ? ஐம்பதில் தொடங்கிப் பத்து வரை பேரம் பேசுகிறார். ஏயாவின் வாதம் அப்படியே ஒரு மனிதனின் வாய்க்கு வந்துவிட்டது. யாத்திராகமம் 32இல் மோசே பேசுவதும் இதே வகை. தெய்வங்கள் ஒன்றாகச் சுருங்கியபோது எதிர்க்குரல் காணாமல் போகவில்லை, மனிதர்களிடம் இறங்கிவந்திருக்கிறது. இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்ததில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய விஷயம் இதுதான்.

அடுத்த சான்று புராணம் அல்ல, அரசியல் ஆவணம். கி.மு. 672இல் அசீரிய மன்னன் எசரத்தோன் தன் மகன் அசுர்பனிபாலைப் பட்டத்து வாரிசாக அறிவித்து, அடிமை நாடுகளையெல்லாம் சத்தியம் செய்ய வைத்தான். அந்த உடன்படிக்கையின் பிரதிகள் 1955இல் ஈராக்கின் நிம்ருதிலும், 2009இல் துருக்கியின் டெல் தாயினாத்தில் ஒரு கோயிலுக்குள்ளும் கிடைத்தன. மீறுகிறவர்களுக்கு அதில் சாபம் வரிசையாக வருகிறது: சந்திரத் தெய்வம் சின் உன்னைக் குஷ்டத்தால் மூடட்டும், சூரியத் தெய்வம் ஷமாஷ் உன் கண்ணைப் பறித்து இருட்டில் நடக்க விடட்டும், போர்த் தெய்வம் நினுர்தா உன் சதையைக் கழுகுக்குப் போடட்டும், வெள்ளிக் கோளுக்குரிய தெய்வம் உன் கண்ணெதிரிலேயே உன் மனைவியை எதிரியின் மடியில் கிடத்தட்டும். பைபிளின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 28ஆம் அதிகாரத்தைத் திறந்தால் 26ஆம் வசனத்திலிருந்து பிணங்களைத் தின்னும் பறவைகள், தோல் வியாதி, பட்டப்பகலில் தடவித் திரியும் குருட்டுத்தனம், நியமித்த மனைவியை இன்னொருவன் கொண்டுபோவது என்று ஏறக்குறைய அதே வரிசை. வானம் வெண்கலம், பூமி இரும்பு என்ற உவமை இரண்டிலும் உண்டு. அங்கே பல சாபங்களுக்குத் தனித்தனித் தெய்வம் பொறுப்பு. இங்கே எல்லாவற்றுக்கும் கர்த்தர் ஒருவரே.

இன்னொரு ஒற்றுமை இதைவிட உறைக்கும். அந்த உடன்படிக்கை, அசுர்பனிபாலை உங்களைப் போலவே நேசியுங்கள் என்கிறது. யாராவது சதி பேசினால், அவன் உன் சகோதரனோ மகனோ தீர்க்கதரிசியோ யாராக இருந்தாலும் மறைக்காதே என்கிறது. உபாகமம் 6, முழு இருதயத்தோடும் கர்த்தரில் அன்புகூரச் சொல்கிறது. 13ஆம் அதிகாரம், வேறு தெய்வத்தைச் சேவிக்கக் கூப்பிடுகிறவன் தீர்க்கதரிசியோ சகோதரனோ மகனோ மனைவியோ யாராயினும் தப்பவிடாதே என்கிறது. அதாவது யாவே இங்கே எடுத்துக்கொண்டது ஒரு தெய்வத்தின் இடத்தை மட்டுமல்ல, அசீரியச் சக்கரவர்த்தியின் நாற்காலியையும்தான். இதில் எது உறுதி, எது அனுமானம்? யூதாவின் ராஜா மனாசே எசரத்தோனுக்குக் கப்பம் கட்டியவன் என்பது எசரத்தோனின் சொந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆகவே எருசலேமிலும் இந்தச் சத்தியம் வாங்கப்பட்டிருக்கும் என்பது நியாயமான ஊகம். ஆனால் எருசலேமில் பிரதி எதுவும் கிடைத்ததில்லை. உபாகமத்தின் அமைப்பு அதைவிடப் பழைய, இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹித்தியரின் உடன்படிக்கைகளைத்தான் ஒத்திருக்கிறது என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். 28ஆம் அதிகாரத்தைப் பொறுத்தவரை நான் அசீரியத் தரப்பு. புத்தகம் முழுவதற்கும் அப்படிச் சொல்லமாட்டேன்.

படைப்புக் கதை பற்றிக் கேட்டிருக்கவில்லை, என்றாலும் பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள். பாபிலோனின் தலைமைத் தெய்வம் மார்துக் கடல் அரக்கி தியாமத்தைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளப்பது போல இரண்டாகப் பிளந்து வானத்தை அமைத்தார். ஆதியாகமம் முதல் அதிகாரம் அதன் சாயல் என்பது 1895 முதலே பிரபலமான கருத்து. இன்று அது முன்பளவுக்கு வலுவாக இல்லை. சிரியக் கடற்கரையில் உகரித் நகரத்தை 1929 முதல் தோண்டியபோது, புயல் தெய்வமான பாகால் கடல் தெய்வத்தையும் ஏழு தலைப் பாம்பையும் வெல்லும் கவிதைகள் கிடைத்தன. ஏசாயா 27:1இல் லிவியாதான் என்ற பாம்புக்கு வரும் அடைமொழிகள் அந்தக் கவிதையில் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. பாபிலோனைத் தேடிப் போக வேண்டியதில்லை, பக்கத்து வீட்டிலேயே கதை இருந்திருக்கிறது.

யாவேயின் பூர்வீகமும் இப்படித்தான் நம்மை மெசபடோமியாவை விட்டு வேறு பக்கம் கூட்டிப்போகிறது. எபிரேயப் பாடல்களில் பழமையானவை என்று கருதப்படும் நியாயாதிபதிகள் 5, உபாகமம் 33 இரண்டும் அவர் சேயீரிலிருந்து, அதாவது தெற்குப் பாலைநிலத்திலிருந்து வருவதாகச் சொல்கின்றன. எகிப்தின் மூன்றாம் ஆமென்ஹோதெப் கட்டிய சோலெப் கோயிலில் அந்த வட்டாரத்து நாடோடிகளின் பட்டியலில் யாவேயை நினைவூட்டும் ஒரு பெயர் வருகிறது. அது இடத்தின் பெயரா தெய்வத்தின் பெயரா என்பது தீராத விவாதம். இஸ்ரவேலுக்குள் வந்தபின் கானானியரின் மூத்த தெய்வமான ஏலின் பட்டங்களும் தந்தைமையும் இவரிடம் சேர்ந்தன. யாத்திராகமம் 6:3இல் கர்த்தரே மோசேயிடம், உன் முன்னோர்களுக்கு நான் ஏல் ஷடாய் என்ற பெயரில் தரிசனமானேன், யாவே என்ற பெயரில் அல்ல என்கிறார். உபாகமம் 32:8இல் சாக்கடல் அருகே கிடைத்த பழைய பைபிள் சுருள் ஒன்றின் பாடம், உன்னதமானவர் ஜாதிகளைத் தேவகுமாரரின் எண்ணிக்கைப்படி பங்கிட்டார் என்கிறது. பிற்கால எபிரேயப் பாடத்தில் அது "இஸ்ரவேல் புத்திரர்" என்று மாறிவிட்டது. ஒருகாலத்தில் தெய்வசபை இருந்தது, பிறகு அது ஓசையில்லாமல் கலைக்கப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல தடயம் எனக்குத் தெரிந்து இல்லை.

வேலைகளை ஒருவரிடம் குவிப்பது எபிரேயர்கள் மட்டும் செய்ததா என்றால், இல்லை. பாபிலோனிலும் முயன்றிருக்கிறார்கள். ஒரு பலகையில், நெர்கல் என்பது போரின் மார்துக், என்லில் என்பது ஆளுகையின் மார்துக், நபு என்பது கணக்கின் மார்துக், ஷமாஷ் என்பது நீதியின் மார்துக், அதத் என்பது மழையின் மார்துக் என்று பட்டியல் போட்டிருக்கிறது. ஆனால் பட்டியல் எழுதியதால் ஷமாஷின் கோயிலை யாரும் பூட்டவில்லை. மார்துக்குக்கு அப்பா ஏயா, மனைவி சர்பனீத்து, மகன் நபு என்று குடும்பமும் இருந்தது. எபிரேய பைபிளில் யாவேக்குப் பிறப்புக் கதையே கிடையாது. குடும்பம் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: சீனாயின் குந்திலேத் அஜ்ருதில் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்கிலான எழுத்துகள் "சமாரியாவின் யாவே, அவருடைய அஷேரா" என்று வாழ்த்துகின்றன. அஷேரா என்பது தேவியா, கோயில் மரத்தூணா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

எழுதியவர்கள் குவித்தார்கள், சரி, சாமானிய மக்கள் ஏற்றார்களா? எரேமியா 7இல் பிள்ளைகள் விறகு பொறுக்க, தகப்பன்மார் தீ மூட்ட, பெண்கள் மாவு பிசைந்து வானராணிக்குப் பணியாரம் சுடுகிறார்கள். அவள் மெசபடோமியத் தேவி இஷ்தாராகவோ அவளுடைய கானானிய உடன்பிறப்பாகவோ இருக்கலாம். எருசலேம் விழுந்தபின் எகிப்துக்கு ஓடியவர்கள் எரேமியாவின் முகத்துக்கு நேரே சொல்வது 44ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: வானராணிக்குத் தூபம் காட்டுவதை நிறுத்தியதிலிருந்துதான் எங்களுக்கு எல்லாக் கேடும். எசேக்கியேல் 8இல் ஆலய வாசலிலேயே பெண்கள் மெசபடோமியத் தெய்வமான தம்மூசுக்காக அழுதுகொண்டிருக்கிறார்கள். அந்தத் தம்மூசின் பெயரில்தான் யூத நாட்காட்டியில் இன்றைக்கும் ஒரு மாதம் இருக்கிறது.

ஏயாவும், யாவேயின் சுருக்கமான "யா"வும் ஒரே பெயர் என்பதற்கு ஒலி ஒற்றுமையைத் தவிர எதுவும் இல்லை. அந்த இருவரையும் ஒருவராகச் சொல்லும் பலகை கிடையாது, மெசபடோமியத் தெய்வப் பட்டியல்களில் யாவே வருவதும் இல்லை. அனுனாக்கிகள் என்ற மெசபடோமியத் தெய்வக் கூட்டம் வேற்றுக்கிரகத்தவர்கள் என்பது 1970களின் விற்பனைச் சரக்கு. அக்காடியம் வாசிப்பவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் எல்லாமே பாபிலோன் என்ற பழைய மிகைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1902இல் பெர்லினில் ஜெர்மன் சக்கரவர்த்தியின் முன்னிலையில் பிரீட்ரிக் டெலிட்ஷ் அப்படி ஒரு புகழ்பெற்ற உரை நிகழ்த்தினார். பெரிய அக்காடிய அறிஞர்தான். பிற்பாடு அவர் எழுத்து பச்சையான யூத வெறுப்பில் போய் முடிந்தது. அதனால் "காப்பி" என்ற சொல்லை யார் எதற்காகச் சொல்கிறார்கள் என்று நான் எப்போதும் பார்ப்பேன்.

கடைசியாக, எல்லா வேலையும் ஒருவர் தலையில் விழுந்தால் கெட்ட வேலைகளும் விழும். கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பெர்சிய மன்னன் கோரேசு (சைரஸ்), மார்துக் எல்லா நாடுகளிலும் தேடித் தன் கையைப் பிடித்துப் பெயர் சொல்லி அழைத்ததாகக் களிமண் உருளையில் எழுதிவைத்தான். ஏசாயா 45இல் அதே கோரேசின் வலது கையைப் பிடித்துப் பெயர் சொல்லி அழைப்பவர் கர்த்தர். அதே மூச்சில், ஏழாம் வசனத்தில், ஒளியைப் படைப்பவரும் இருளை உண்டாக்குபவரும், சமாதானத்தைப் படைப்பவரும் தீங்கை உண்டாக்குபவரும் நானே என்கிறார். மார்துக்குக்கு இப்படிச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, தீங்கைச் செய்ய அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். எபிரேயர்களுக்கே இது பிற்பாடு கனத்திருக்க வேண்டும். 2 சாமுவேல் 24இல் தாவீதை ஏவி ஜனத்தொகை எடுக்கவைத்து, பிறகு அதற்காகவே கொள்ளைநோய் அனுப்புகிறவர் கர்த்தர். இதே சம்பவத்தைப் பல தலைமுறை கழித்து 1 நாளாகமம் 21 திரும்ப எழுதும்போது, ஏவியவன் சாத்தான் என்று இருக்கிறது.